லிங்கன் மாவட்டம் (நியூ மெக்சிகோ)

லிங்கன் மாவட்டம், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த நியூ மெக்சிகோ மாநிலத்தில், கேப்பிடன் மலைத்தொடரையும் போனிட்டோ, ரூயிடோசோ என்னும் சிற்றாறுகளின் பள்ளத்தாக்குகளையும் தன்னகத்தே கொண்டு, கால்நடை மேய்ச்சலையும் ஆற்றோரப் பயிர்த்தொழிலையும் நெடுங்காலம் நம்பி வாழ்ந்த நாட்டுப்புறப் பிரதேசமாகும். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் தொகை 20,269. தலைநகர் கரிசோசோ.

ஆதிகுடிகளான மெஸ்கலேரோ அப்பாச்சி மக்களின் பூர்வ சரித்திரம் எழுத்து வடிவில் பெரும்பாலும் பிறர் குறிப்புகள் வாயிலாகவே கிடைக்கிறது. 1850-களில் ஸ்பானிய மொழி பேசும் குடியானவர்கள் போனிட்டோ ஆற்றங்கரையில் குடியேறி, அப்பாச்சியர் தாக்கும் காலங்களில் குடும்பத்தோடு புகலடைவதற்கெனக் கல்லால் ஒரு வட்டக் கோபுரம் எழுப்பினர்; பிற்காலத்தில் செப்பனிடப்பெற்ற அக்கோபுரம் இன்றும் லிங்கன் ஊரின் ஒரே தெருவின் ஓரத்தில் நிற்கிறது. 1855-இல் ஸ்டான்டன் கோட்டை நிறுவப்பட்டது. 1863-இல் கிட் கார்சன் தலைமையிலான படையினால் பாஸ்கே ரெடோண்டோ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மெஸ்கலேரோக்கள், 1865 நவம்பரில் ஓரிரவில் அங்கிருந்து வெளியேறித் தம் மலைகளை அடைந்தனர். 1873-இல் அவர்களுக்கெனத் தனி நிலப்பகுதி ஒதுக்கப்பட்டது. இதனிடையே 1869 ஜனவரியில், சத்துர்னினோ பாகா என்பவரின் முயற்சியால், ஆபிரகாம் லிங்கனின் பெயரால் இம்மாவட்டம் அமைந்தது. ஒரு காலத்தில் இதுவே அந்நாட்டு மாவட்டங்களுள் விஸ்தீரணத்தில் மிகப் பெரியது என்று சொல்லப்படுவதுண்டு.

இம்மாவட்டத்தின் பெயர் உலகறிய நேர்ந்தது 1878-ஆம் ஆண்டின் 'லிங்கன் மாவட்டப் போர்' காரணமாகவே. இதனைத் துப்பாக்கி வீரர்களின் கதையாகப் பலர் எழுதினாராயினும், இதன் வேர் வர்த்தகத்தில் இருந்தது. கோட்டைக்கும் மெஸ்கலேரோ நிலப்பகுதிக்கும் இறைச்சியும் மாவும் வழங்கும் அரசாங்கக் குத்தகைகளை நம்பி வளர்ந்த லாரன்ஸ் மர்ஃபி, ஜேம்ஸ் டோலன் ஆகியோரின் கடை, குடியானவர்களுக்குக் கடனாகச் சரக்கைக் கொடுத்து, அவர்கள் விளைவித்த தானியத்தைத் தான் வைத்ததே விலையாகக் கொள்ளும் ஏகபோகமாயிருந்தது. லண்டனைச் சேர்ந்த ஜான் டன்ஸ்டால் என்னும் இளைஞர், 1877-இல் வழக்கறிஞர் அலெக்சாண்டர் மக்ஸ்வீனின் துணையோடு போட்டிக் கடையொன்றைத் திறந்தார். அவர் தம் பெற்றோருக்கு எழுதிய நீண்ட கடிதங்கள் அழியாமல் இருப்பதாலேயே அவ்வூரின் அன்றாட வாழ்க்கையை இத்துணை நெருக்கமாக நாம் அறிகிறோம்.

இறந்துபோன எமில் ஃபிரிட்ஸ் என்பவரின் 10,000 டாலர் ஆயுள் காப்பீட்டுத் தொகை பற்றிய வழக்கில் மக்ஸ்வீனின் சொத்தை ஜப்தி செய்யப் புறப்பட்ட ஷெரீப் வில்லியம் பிராடியின் ஆட்கள், டன்ஸ்டாலின் கால்நடைகளையும் அதில் சேர்க்க முற்பட்டு, 1878 பிப்ரவரி 18-இல் அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 24. அவர் முதலில் சுட்டார் என்று ஒரு சாராரும், எதிர்க்காமலே கொல்லப்பட்டார் என்று மற்றொரு சாராரும் சாட்சி கூறினர். அவர்தம் ஆட்கள் 'ரெகுலேட்டர்கள்' என்ற பெயரில் திரண்டு, ஏப்ரல் முதல் தேதி பிராடியை லிங்கன் தெருவிலேயே கொன்றனர். ஜூலை 15 முதல் 19 வரை ஊருக்குள்ளேயே நிகழ்ந்த சண்டையின் இறுதி நாளில், ஸ்டான்டன் கோட்டையிலிருந்து கர்னல் நேத்தன் டட்லி பீரங்கியோடு வந்து இறங்கினார். குடியியல் விவகாரங்களில் இராணுவம் தலையிடலாகாது என்னும் சட்டம் நிறைவேறி அப்போது ஒரு மாதமே ஆகியிருந்தது; பெண்டு பிள்ளைகளைக் காக்கவே வந்ததாக டட்லி கூற, 1879-இல் விசாரணை மன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. சண்டையின் அவ்விறுதி நாளிரவு மக்ஸ்வீனின் வீடு எரிந்தது, அவரும் மடிந்தார்.

அவர் மனைவி சூசன் மக்ஸ்வீன், துப்பாக்கிகளுக்கிடையே தெருவைக் கடந்து சென்று டட்லியிடம் முறையிட்டும் பயனின்றித் திரும்பியவர். வீடு எரிகையில் அவர் பியானோ வாசித்தார் என்ற கதைக்கு வலுவான ஆதாரமில்லை. விதவையான பின்னர் அவர் தம் திறமையாலேயே ஆயிரக்கணக்கான மாடுகளுக்கு உரிமையாளராகி, 'நியூ மெக்சிகோவின் கால்நடை அரசி' எனப் பெயர் பெற்று, 1931-இல் வைட் ஓக்ஸ் ஊரில் காலமானார். இவரும், ஊர்ப் பள்ளியில் கற்பித்துப் பின் பிரதேசச் சட்டசபையின் சபாநாயகராக விளங்கிய ஹுவான் பத்ரோனும் இம்மாவட்டச் சரித்திரத்தில் இன்னும் பெரிய இடம் பெறத் தக்கவர்கள்.

எனினும் 'பில்லி த கிட்' என்ற ரெகுலேட்டர் இளைஞனே பெரும் பிரசித்தி பெற்றான். அவனது பிறப்பிடம் நியூயார்க் என்பது பலர் கொள்கை, உறுதியில்லை. அவன் 21 பேரைக் கொன்றான் என்பது பழைய ஐதிகம். ஆராய்ச்சியாளர் பலர் ஒன்பதுக்கு மேல் ஒப்புவதில்லை. பின்னாளில் 'பென்-ஹர்' நாவலால் புகழெய்திய ஆளுநர் லூ வாலஸ், சாட்சியம் கூறினால் மன்னிப்பு உண்டு என அவனுக்கு நம்பிக்கையளித்தார்; சாட்சியம் கிடைத்தது, மன்னிப்பு கிடைக்கவில்லை. மர்ஃபியின் பழைய கடையே நீதிமன்றமாக மாறியிருந்த கட்டடத்திலிருந்து, 1881 ஏப்ரல் 28-இல் இரு காவலரைக் கொன்று தப்பிய அவனை, ஜூலை 14-இல் ஷெரீப் பேட் காரெட் சம்னர் கோட்டையில் சுட்டுக் கொன்றார். 1950-இல் ஒரு முதியவர் தாமே பில்லி எனக் கூறி மன்னிப்புக் கோரினார், ஆளுநர் ஏற்கவில்லை. 2010-இல் மீண்டும் எழுந்த மன்னிப்புக் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது.

1879-இல் வைட் ஓக்ஸில் தங்கம் கண்டறியப்பட்டது. 1899-இல் இரயில் பாதை கரிசோசோ வழியாக வந்தமையால், நெடிய வழக்குகளுக்குப் பின் 1913-இல் தலைநகர் அங்கு மாறியது. ஸ்டான்டன் கோட்டை காசநோய் மருத்துவமனையாகி, இரண்டாம் உலகப் போரின்போது 'கொலம்பஸ்' கப்பலின் ஜெர்மானிய மாலுமிகளைக் காவலில் வைக்கும் இடமாகவும் பயன்பட்டது.

1950 மே மாதம் கேப்பிடன் மலைக் காட்டுத்தீயில் பாதங்கள் வெந்த நிலையில் மீட்கப்பட்ட கரடிக்குட்டியொன்று, காட்டுத்தீத் தடுப்புப் பிரசாரத்தின் உயிருள்ள சின்னமாக 'ஸ்மோக்கி' எனப் பெயரிடப்பெற்று வாஷிங்டன் விலங்கியல் தோட்டத்தில் வாழ்ந்தது. குழந்தைகள் எழுதிய கடிதங்கள் மிகுந்து வந்தமையால், அஞ்சல் துறை அதற்கெனத் தனிக் குறியீட்டு எண்ணே வழங்கியது. 1976-இல் இறந்த பின், அதன் உடல் கேப்பிடன் ஊருக்குக் கொணர்ந்து அடக்கம் செய்யப்பட்டது.

2024 ஜூனில் ரூயிடோசோவைத் தாக்கிய காட்டுத்தீயில் 1,400-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 2025 ஜூலையில் அவ்வூரில் பெருவெள்ளம் ஏற்பட்டு மூவர் உயிரிழந்தனர்.