செஞ்சடையும் செம்பட்டையும்

செம்மை கலந்த தலைமுடிக்குத் தமிழில் இரு சொற்கள் வழங்குகின்றன. இறைவனைப் பாடும்போது செஞ்சடை என்கிறோம். தெருவில் ஓடும் ஏழைக் குழந்தையைக் காணும்போது செம்பட்டை என்கிறோம். முன்னது போற்றும் சொல். பின்னது எள்ளும் சொல். நிறம் ஒன்றாயிருக்க, மதிப்பு மட்டும் இரண்டானது ஏன் என்று நாம் சற்றே ஆராய்தல் தகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலம் தமிழகத்தின் வடவெல்லையை அடுத்தே இருக்கிறது. 1911ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற சித்தூர் மாவட்டத்தில் நெடுங்காலம் அடங்கியிருந்த காளத்தி, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்நிலத்துக் காளத்திப் பெருமானைச் சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடியுள்ளனர். சிவபெருமானின் சிவந்த சடையைப் பொன்னுக்கும் மின்னலுக்கும் ஒப்பிட்டு மகிழ்வது தேவார மரபு. தோற்றம் கண்டு ஒருவரை எடைபோடலாகாது என்பதற்கும் காளத்தியே சான்று. வேடர் குலத்துக் கண்ணப்பர் படைத்த இறைச்சியைக் கண்டு அருவருத்த சிவகோசரியார், பின்னர் அவ்வேடரின் அன்பைக் கண்டு வியந்ததைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார்.

மேல்நாடுகளிலும் இத்தகைய முரண்பாடு உண்டு. இயேசுபிரானைக் காட்டிக்கொடுத்த யூதாசை, இடைக்கால ஓவியர் பலர் செம்முடியுடன் தீட்டினர். செம்முடியுடையோர் முன்கோபிகள், நம்பத்தகாதவர் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. ஆயினும் 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் அரசியார் செம்முடியினரே. அவர் காலத்தில் அந்நிறம் அழகெனப் போற்றப்பட்டது. நிறம் மாறவில்லை, அதைத் தாங்கிய தலையில் முடி சூட்டப்பெற்றதும், காண்போர் கருத்தே மாறிற்று.

அறிவியல் கூறுவது யாது? உலக மக்களில் நூற்றுக்கு ஓரிருவருக்கே இயற்கையில் செம்முடி அமைகிறது. எம்.சி.1.ஆர். என்னும் மரபணுவின் மாறுபாட்டுக்கும் செம்முடிக்கும் உள்ள தொடர்பு 1995ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அம்மாறுபாடு வந்து சேரும்போதே முடி சிவக்கிறது. கருநிறமி குறைந்து செந்நிறமி மிகுவதே இதன் காரணம். சினத்துக்கும் வஞ்சத்துக்கும் இதில் இடமேயில்லை.

நம் நாட்டில் காணும் செம்பட்டையோ பெரும்பாலும் வேறு வகையானது. வெயிலும் புழுதியும் முடியை வெளுக்கச் செய்யும். உணவில் புரதம் குன்றினாலும் கருமுடி செம்மையுறும். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானா நாட்டில், பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவ அம்மையார், 'குவாஷியோர்க்கர்' என்னும் குழந்தை நோயை 1935இல் அப்பெயரால் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். முடி நிறம் மாறுதல் அதன் அறிகுறிகளுள் ஒன்று. எனவே செம்பட்டைத் தலை சில வேளைகளில் பசியின் அடையாளமாகும். பசித்த பிள்ளைக்கு நாம் பட்டப்பெயர் சூட்டுகிறோம்!

இனித் திருமலைக்கு வருவோம். நீலாதேவி தன் கூந்தலைப் பெருமாளுக்கு அளித்தாள் என்பது அத்தலத்தில் வழங்கும் கதை. இன்றும் கல்யாணக்கட்டையில் செல்வரும் வறியரும் அருகருகே அமர்ந்து முடியிறக்குகின்றனர். அம்முடி நீளத்துக்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டு, ஏலத்தில் விற்கப்படுகிறது. கடல் கடந்து செல்லும் இந்தியக் கூந்தலின் கருமையை இரசாயனத்தால் நீக்கிப் பொன்னிறமும் செந்நிறமும் ஏற்றிப் பொய்ம்முடியாக்குவர். இங்கே எள்ளப்படும் நிறம், அங்கே விலை கொடுத்து வாங்கும் அணியாகிறது.

பிற மாநிலங்களில் வாழும் நாம் இதனை எளிதில் உணரக்கூடியவர்கள். நம் நிறத்தையும் பேச்சையும் கொண்டே நம்மை அளந்துவிடுவோரை நாம் சந்தித்ததில்லையா? 'மதராசி' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு மொழியினரை அடக்கிவிடுவோரை அறியோமா? அவ்வளவுகோல் நம்மை உறுத்துமாயின், அதனைப் பிறர்மீது நாம் எடுத்தல் முறையன்று.

செம்முடியுடைய அயல்நாட்டாரைக் கண்டால் அது இயற்கையின் அரிய அழகென்று மகிழ்வோம். நம் குடியிருப்பில் செம்பட்டைத் தலையுடைய குழந்தை ஒன்றைக் கண்டால், அது உண்டதா என்று முதலில் கேட்போம்.