மலையினின்று துறைக்கு: விழிஞத்தின் வரலாறு

பயணம் கண்ணுக்கு விருந்தளிப்பதோடு அமையாது கருத்துக்கும் விருந்தளித்தல் வேண்டும். சென்ற டிசம்பர் விடுமுறையில் நம் காலனிக் குடும்பங்கள் சில ஒன்றுகூடித் திருவனந்தபுரம் சென்று வந்தோம். அப்போது யாம் கண்டதையும் கற்றதையும் இம்மலர் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதல்நாள் கல்லாறு சென்றோம். பொன்முடி மலையடியில் உருண்டைக் கற்களிடையே சலசலத்தோடும் சிற்றாறு அது. பெயர்ப் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். அதனைச் சூழ்ந்த மலைத்தொடரிலேதான் பொதியில் உள்ளது. பொதியில் என்றதும், முடமோசியாரால் புறநானூற்றில் பாடப்பெற்ற வள்ளல் ஆய் அண்டிரனை நினையாத தமிழர் உளரோ? ஆய் குடியினர் மலைநாட்டுத் தலைவர்கள். பிற்காலத்தே அக்குடியினர் கடற்கரையையும் ஆண்டனர். அவர்தம் துறைநகரைக் காண்பதற்கே மறுநாள் நெடுமங்காடு வழியாகக் கடலை நோக்கிப் புறப்பட்டோம்.

வழியில் கோவளம். பயணிகள் பெருகும் பருவமாதலின் எள் விழ இடமில்லை. மணலெங்கும் மக்கள், விடுதியெங்கும் ‘அறை இல்லை’ என்ற மறுமொழி. எம்முடன் வந்த சிறுவனொருவன், “கடலைத் தவிர இங்கே காண்பதற்கு வேறென்ன இருக்கிறது, மாமா?” என்று வினவினான். விடை கூறாது, தெற்கே சிறிது தொலைவிலுள்ள விழிஞத்திற்கு அவனை அழைத்துச் சென்றோம்.

அங்கே கூட்டமில்லை. கி.பி. 8ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் சிறு குடைவரைக் கோயில் ஒன்று பாறையில் அமைந்துள்ளது. உள்ளே வீணையேந்திய தட்சிணாமூர்த்தி. வெளியே ஒருபுறம் திரிபுராந்தகர், மறுபுறம் ஆடும் சிவனும் உமையும். வெளிச்சிற்பங்கள் முற்றுப்பெறவில்லை. உளியைக் கீழே வைத்துச் சென்ற சிற்பி மீண்டு வரவேயில்லை போலும்!

இத்துறைக்காக மன்னர்கள் பன்முறை பொருதனர். பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞத்தை அழித்து வேணாட்டரசனை வென்றதைச் சீவரமங்கலச் செப்பேடு கூறும். முதல் இராசராசன் காலத்தில் சோழர் படை இதனைக் கைக்கொண்டதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும்; கடலையே அகழியாக உடைய ஊர் என்றும் அது சிறப்பிக்கும். பின்னர் இராசேந்திர சோழப்பட்டினம் என்ற பெயரும் இவ்வூருக்கு வழங்கிற்று.

மூவரும் இவ்வூரை நாடியது ஏன்? கரையை ஒட்டியே கடல் ஆழமாக இருப்பதும், கடல் வாணிக வழி அண்மையில் செல்வதும் இதன் இயற்கைச் சிறப்புகள். அவற்றை நம்பியே இன்றும் பெருங்கப்பல்களுக்குரிய துறைமுகம் இங்கு அமைக்கப்பட்டு, 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மன்னர்கள் மறைந்தனர்; துறை மறையவில்லை.

வரலாறு முழுவதையும் உரைத்தபின் அச்சிறுவன் மற்றொன்று கேட்டான்: “மீன்பிடிப்பவர்களைப் பற்றி அந்தச் செப்பேடுகளில் ஒன்றும் இல்லையா?” யாம் நாணினோம். வென்றவரையும் தோற்றவரையும் கூறினோமேயன்றி, எக்காலத்தும் வலையிழுத்து அத்துறையை வாழவைத்தவரைக் கூறினோமல்லோம்.

2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயலில் இக்கரையோர மீனவர் பலர் கடலில் மாண்டனர். துயரம் ஆறுமுன்னரே, 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் திருவனந்தபுரக் கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, உள்நாட்டு மக்களை வெள்ளத்தினின்று மீட்டனர். துறைமுகப் பணியால் கரை அரிக்கப்படுகிறது என்று 2022இல் மாதக்கணக்கில் போராடியவர்களும் இம்மீனவ மக்களே. இவற்றைப் பொறிக்கச் செப்பேடில்லை. நம் நெஞ்சமே செப்பேடு.

நாமும் பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். நம் பெயரும் எக்கல்வெட்டிலும் ஏறப்போவதில்லை. ஆகவே அன்பர்களே, அடுத்த விடுமுறையில் கோவளம் செல்வீராயின், விழிஞத்துக்கும் செல்க. பாறையிலுள்ள சிற்பத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுக. கரையில் வலை உலர்த்தும் பெரியவருடன் அமர்ந்து நான்கு வார்த்தை பேசவும் அவர்களுக்குக் கற்பிப்பீராக.