மயிலைக்குத் துதிக்கை இருந்த காலம்

சென்னை, மயிலை இரண்டுமே ஒரு காலத்தில் யானை வைத்திருந்த பெயர்கள்! னை, லை இரண்டுக்கும் எழுத்தின் தலையில் துதிக்கை மாதிரி ஒரு சுழி போட்டுத்தான் எழுதுவார்கள். ணை, ளை-யும் அப்படியே. ணா, றா, னா மூன்றுக்கும் தனிக் கால் கிடையாது. எழுத்தே சுழிந்து முடியும். அடையாறும் தியாகராய நகரும் தப்பித்தன. அவற்றில் அந்த எழுத்துகளே இல்லை.

அச்சகங்களுக்கு இது தலைவலி. இந்த வடிவங்களுக்கென்றே ஈயத்தில் தனி அச்சு வார்க்க வேண்டும். பெரியார் 1935-ல் 'குடி அரசு' இதழில் இவற்றை நேராக்கி அச்சிட்டார். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு அதை அரசாணையாக்கியது. மொத்தம் 13 எழுத்துகள் மாறின.

இன்று பழைய சினிமா போஸ்டர் தோரணையில் புத்தக அட்டையோ காபிக்கடைப் பலகையோ செய்ய நினைப்பவர்களுக்கு அதே துதிக்கை விளையாட்டுப் பொருள். யூனிகோடில் அதற்குத் தனி எண் கிடையாது. எழுத்துருவுக்குள் வரைந்து வைத்தால், வழக்கம்போல 'லை' என்று தட்டினாலே வந்து நிற்கும்.

ஆனால் தலைப்போடு நிறுத்துவது நல்லது. புது எழுத்தில் படித்த தலைமுறை பத்தி முழுக்கத் துதிக்கையைப் பார்த்தால் தடுமாறும். எல்லோரும் சுலபமாகப் படிக்கத்தானே சீர்திருத்தமே வந்தது!