செவிவழி வந்த ஞானம்

இத்தாலி நாட்டிலே மொந்தே கசீனோ என்னும் மலைமீது மடம் அமைத்து வாழ்ந்த பெனடிக்ற் முனிவரைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று வழங்குவர். கி. பி. 6ஆம் நூற்றாண்டில் அவர் தம் துறவிகளுக்கென எழுதிய ஒழுங்கு நூல் 73 அதிகாரங்களைக் கொண்டது. அந்நூலின் முதற் சொல் ‘கேள்’ என்பது. ‘செய்’ என்றோ ‘செய்யாதே’ என்றோ தொடங்குவதே ஒழுங்கு நூலுக்கு இயல்பு. அவரோ செவியைத் திறக்கும்படி சொல்லித் தொடங்கினார்.

அவர் வகுத்தபடி, துறவிகள் உண்ணும் வேளையில் ஒருவர் உரத்து வாசிக்க வேண்டும். மற்றையோர் வாய்திறவாது கேட்க வேண்டும். உப்போ நீரோ வேண்டியவர் சைகையாற் கேட்டுப் பெறுவார். ஏட்டைக் கையில் எடுத்தவரெல்லாம் வாசித்துவிட முடியாது. கேட்போர் உள்ளத்தில் பதியுமாறு வாசிக்க வல்லவரே அதற்கு உரியவர். அவர் ஒரு கிழமை முழுவதும் அப்பணியைச் செய்வார். பசியோடு நெடுநேரம் வாசிப்பது வருத்தும் என்று, தொடங்குமுன் அவருக்குச் சிறிது முந்திரிகைப் பழரசம் கொடுக்கவும் முனிவர் மறக்கவில்லை. இரவு உணவுக்குப் பின் வாசிக்கத்தக்கவை காசியான் என்பார் தொகுத்த வனவாசிகளின் உரையாடல்களும் தவத்தோர் வரலாறுகளும் போன்றவை. வேதாகமத்தின் முதல் ஏழு நூல்களையும் அரசர் வரலாறுகளையும் அவ்வேளையில் வாசிக்கவேண்டாம் என்று விலக்கினார். மனவலிமை குறைந்தோருக்கு அவை அந்நேரத்துக்கு ஏற்றனவல்ல, வேறு வேளையில் வாசிக்கலாம் என்பது அவர் கருத்து. வேதநூலாயினும் கேட்கும் காலமும் கேட்போர் நிலையும் அறிந்தே கேட்கவேண்டும் என்னும் இந்த நுட்பம் பின்வந்த பலரிடம் காணப்படவில்லை.

அச்சு இல்லாத காலத்தில் நூல்கள் அரியன. மேலைநாட்டு ஏடுகளிற் சொற்களுக்கிடையே இடைவெளியும் இருப்பதில்லை. வாய்விட்டு வாசிப்பதே வழக்கம். மிலான் நகரத்து ஆயர் அம்புரோசியார் ஓசையின்றி வாசித்தமை அகுஸ்தீனாருக்கு வியப்பாயிருந்தது. இன்னும் முந்திய சான்று எகிப்து தேசத்து அந்தோனியார். சுமார் கி. பி. 270ஆம் ஆண்டிலே கோவிலுக்குட் புகுந்த அவ்விளைஞரின் காதில், உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி சொல்லும் சுவிசேஷப் பகுதி விழுந்தது. தமக்கே சொல்லப்பட்டதாகக் கொண்டு அவ்வாறே செய்தார். அவர் எழுத்துக் கல்லாதவர். கேட்டவற்றை மறவாமையால் நினைவே அவருக்கு நூலாயிற்று என்று அவர் வரலாற்றை எழுதிய அத்தனாசியார் கூறுகிறார்.

எனினும், ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் இவ்வழக்கம் மடங்களின் மதிலுக்குள் அடங்கிவிடவில்லை. குருமாரே இல்லாத ஊர்களில் அது திருச்சபையைத் தாங்கும் தூணாகவும் நின்றது. அதற்கு நம் இலங்கையே சான்று.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயக் குருமார் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் சீர்திருத்தச் சபையின் வசமாயின. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் இரப்போர் கோலத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள் இந்நாட்டுக் கத்தோலிக்கர் மேய்ப்பரற்ற மந்தையாயிருந்தனர். அவருக்குப்பின் வந்தோருள் எழுத்தாற் பெருந்தொண்டு புரிந்தவர் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள். கோவாவைச் சேர்ந்த திவார் தீவிற் பிறந்த அவர், தமிழும் சிங்களமும் ஐயந்திரிபறக் கற்று, இருமொழியிலும் நூல்கள் இயற்றி, 1742இல் போலவத்தையில் மறைந்தார்.

அந்நூல்கள் யாருக்காக எழுந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குருமாரோ ஒரு சிலர், ஊர்களோ பல. ஓர் ஊரார் குருவானவரை மறுமுறை காண நெடுநாட் செல்லும். 1730களில் கொழும்பில் அச்சியந்திரம் நிறுவப்பட்டது. ஆனால் அது ஒல்லாந்தக் கம்பனிக்குரியது. எனவே அச்சு ஆள்வோரிடமும் ஓலை மக்களிடமும் இருந்தன. ஓலையிற் படியெடுத்த நூலை மூப்பரோ அண்ணாவியாரோ வாசிப்பார். எழுத்தறியாத உழவரும் மீனவரும் அவர்தம் பெண்டிரும் பிள்ளைகளும் கூடியிருந்து கேட்பர். இல்லாத குருவின் இடத்தில் அவருடைய நூல் பேசிற்று. 1806இல் ஆங்கில ஆட்சி தடைகளை நீக்கியபோது இங்கே கத்தோலிக்கர் பெருந்தொகையினராய் இருந்தமைக்கு இச்செவிச் செல்வமும் ஒரு காரணமாகும்.

அடிகள் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் கண்ணுக்கன்றிக் காதுக்கே எழுதப்பட்டது. சேசுநாதர் பட்ட பாடுகளை ஒப்பாரியின் சாயலில், இராகத்தோடு நீட்டி ஓதத்தக்க உரைநடையில் அது சொல்லும். சாவீட்டில் அழுது பழகிய மக்களுக்கு அவ்வோசை அந்நியமன்று. கந்தபுராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லக் கேட்டுவந்த யாழ்ப்பாணத்துக்கு, கூடியிருந்து கேட்கும் முறையும் புதிதன்று. கேள்விக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்த மொழியை, அயல்நிலத்திற் பிறந்த அடிகள் நன்கு அறிந்திருந்தார்.

இன்று நிலைமை வேறு. 1931இல் வத்திக்கான் வானொலி தொடங்கியது முதல் திருச்சபையின் குரல் காற்றில் ஏறிற்று. இப்போதோ பழைய ஞான நூல்கள் ஒலிப்பதிவாகிக் கைபேசியிலே கிடைக்கின்றன. சமையல் செய்துகொண்டும் பேருந்திற் பயணஞ்செய்துகொண்டும் கேட்பது கேள்வியாகுமா என்று சிலர் முகஞ்சுளிக்கின்றனர். ஆசீர்வாதப்பரின் துறவிகளும் உண்டுகொண்டே கேட்டனர் என்பதை அவர்கள் மறந்தனர். கைக்கு வேலை இருத்தல் குற்றமன்று; வாய்க்கும் மனத்துக்கும் ஓய்வு வேண்டும் என்பதே பழைய விதி.

கவலைக்குரியது வேறொன்று. தொமாஸ் அக்கெம்பிஸ் இயற்றியதாகக் கொள்ளப்படும் ‘கிறிஸ்து அநுசாரம்’ 15ஆம் நூற்றாண்டில் மடத்துச் சூழலில் எழுந்தது. தனிமையையும் அறையடங்கி இருத்தலையும் அது புகழும். மூன்று பிள்ளைகளின் தாய் அதைக் கேட்டு, தன் வீட்டுச் சந்தடியே தன்னைக் கடவுளிடமிருந்து பிரிக்கிறது என்று மனம் நொந்தால், பிழை நூலிலுமில்லை, அவளிடமுமில்லை. இடமறியாது கேட்டதிலே உள்ளது. அவளுக்கு ஏற்றது பிரான்சிஸ் சலேசியார் 1609இல் வெளியிட்ட ‘பக்தி வாழ்வுக்கு முன்னுரை’. இல்லறத்துப் பெண்ணொருத்திக்கு எழுதிய ஆலோசனைகளிலிருந்து வளர்ந்த நூல் அது. ஆயர் வனத்துறவிபோல் வாழ முயல்வதும், கைவினைஞர் நாள்முழுதும் கோவிலிற் கிடப்பதும் பொருந்தாவென்று அவர் நயமாக உணர்த்துகிறார்.

பாடுகளைப் பற்றிய பழைய நூல்கள் பலவற்றில் யூத மக்கள் அனைவர்மீதும் பழி சுமத்தும் சொற்கள் உண்டு. 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்பழியை மறுத்துரைத்தது. கொன்சால்வேஸ் அடிகளும் பிற சமயங்களைக் கண்டித்து எழுதியவரே. அக்காலத்து வாதப்போர் அத்தகையது. அவ்விடங்களில் வாசிப்பவர் நிறுத்தி விளக்கவேண்டும். தனியே ஒலிக்கும் கருவி எந்த இடத்திலும் நிற்பதில்லை. கேட்பவர் முகம் சுருங்குவதையும் அது காண்பதில்லை.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தபசு காலத்திலே வியாகுலப் பிரசங்கம் இன்றும் ஓதப்படுகிறது. முதியோர் அறிந்த பழஞ்சொற்கள் சில இளையோருக்கு விளங்குவதில்லை. ஓதி முடிந்தபின் அவற்றின் பொருளை, பக்கத்தில் இருக்கும் பாட்டனாரிடமோ ஓதியவரிடமோ அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.