'ஏர் பால்': ஒரு கூச்சலின் வரலாறு

1979 பிப்ரவரி 24. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக் கேமரன் உள்ளரங்கில், அண்டைப் போட்டியாளரான வட கரோலினா பல்கலைக்கழகத்துடன் கூடைப்பந்து ஆட்டம். டீன் ஸ்மித் பயிற்றுவித்த வட கரோலினா அணி, கூடையை நோக்கி எறியாமல் பந்தைக் கைமாற்றியே நேரத்தைக் கடத்தியது. இத்தனை நொடிகளுக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கெடு அன்று கல்லூரி ஆட்டத்தில் இல்லை. 45 நொடிக் கெடு 1985-86 பருவத்தில்தான் நாடு முழுமைக்கும் வந்தது. இடைவேளையில் டியூக் 7, வட கரோலினா 0.

சலித்துக் கிடந்த அந்த அரங்கில் ரிச் யோனக்கர் எறிந்த பந்து வளையத்தையும் தொடவில்லை, பலகையையும் தொடவில்லை. மாணவர்கள் 'ஏர் பால்' என்று இழுத்துக் கூவினர். இக்கோஷத்தின் பிறப்பிடமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது இந்த ஆட்டமே.

கூவியது ஒரு கும்பல். ஆனால் அது சுருதி பிசகுவதில்லை. வட புளோரிடா பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் செரில் ஹீட்டன் 1992இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். வெவ்வேறு ஊர்களின் கூட்டங்கள், நடத்துநர் எவருமின்றி, 'ஏர்' என்பதை எஃப் சுரத்திலும் 'பால்' என்பதை டி சுரத்திலும் பாடுவதை அவர் கண்டார். பி ஃப்ளாட்டைச் சட்ஜமாகக் கொண்டால், பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்குவது.

இந்த இறக்கம் அரங்கில் பிறந்ததன்று. தெருவில் ஆடும் பிள்ளையை வீட்டு வாசலிலிருந்து தாய் பெயர் சொல்லி அழைக்கும் இழுவை ஏறத்தாழ இதுவே. ஆங்கிலம், ஜெர்மன், ஹங்கேரியன் முதலிய மொழிகளில் மொழியியலாளர் இதனை 'விளிப்பு ஒலியமைதி' எனப் பதிவு செய்துள்ளனர். ஆயிரவர் ஒத்திகையின்றி ஒரே இடைவெளியில் இறங்க முடிவதற்கு, குழந்தைப் பருவம் முதலே காதில் ஊறிய இப்பழக்கமே பொருத்தமான விளக்கம்.

1978இல் ராபர்ட் லாட் இவ்வகை இசைப்போக்கை ஆராய்ந்து, அது அவசரத்தின் குரலன்று, வழக்கமான, எதிர்பார்த்த செய்தியின் குரல் என்று வாதிட்டார். அரங்கின் கொடுமை இங்கேதான் இருக்கிறது. வசைக்குக்கூட ஒரு கோபம் வேண்டும். இந்த இராகமோ, தவறியவனைப் பார்த்து, 'இது தெரிந்ததுதானே' என்கிறது.

அன்றைய இரண்டாம் பாதியில் இரு அணிகளும் தலா 40 புள்ளிகள் எடுத்தன. 47-40 என்று டியூக் வென்றது. யோனக்கர் பின்னர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்காக என்.பி.ஏ.விலும் ஆடினார். இந்தக் கோஷத்தின் கதை சொல்லப்படும் இடத்திலெல்லாம் அவர் பெயர் வருவது, தவறிப்போன அந்தப் பந்துக்காகவே.