புகையும் கல்லும் மூழ்கிய கோபுரமும்

தஞ்சை மண்ணில் பிறந்தவர்களுக்கு மலையும் தெரியாது, அருவியும் தெரியாது என்று பிற மாவட்டத்து நண்பர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. அதை மறுப்பதற்கில்லை. கல்லணைக்குக் கீழே கடல்வரை கண்ணுக்கெட்டிய தொலைவும் சமவெளியே. நாம் சிறுவராயிருந்த நாளில் நீர் விழும் ஓசையைக் கேட்டது மதகடியில்தான். வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் பலகை தூக்கிய வேளையில், மூன்றடி உயரத்திலிருந்து கலங்கல் நீர் குதித்து நுரைக்கும். அதுவே நமக்கு அருவி. அதன் கீழ் நின்று குளித்ததும், நீராணிக்காரர் கண்டுவிட்டால் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடியதும் இன்றும் நினைவில் உள்ளன. குற்றாலம் என்பது பெரியவர்கள் பேசிக்கொள்ளும் ஏதோ ஒரு தூரதேசம்.

ஆனால் ஓர் உண்மையை நாம் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. நம் வயலுக்கு வரும் காவிரி நீரின் பெரும்பகுதி, வருமுன்னரே ஒரு பேரருவியாய் விழுந்து எழுந்த நீர். மேற்கே நெடுந்தொலைவில், தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தை அடுத்த ஒகேனக்கலில் அது பாறைகளின்மீது மோதிச் சிதறி, மீண்டும் ஒன்றுகூடி, பின்னரே மேட்டூருக்கும் கல்லணைக்கும் வந்து சேர்கிறது. நாம் அமைதியான ஆறு என்று பாடிப் பரவும் காவிரிக்கு, நாம் காணாத ஓர் ஆவேசமான முற்பிறப்பு உண்டு.

அதைக் காணவேண்டும் என்ற எண்ணம் நமக்கு நடுவயது கடந்த பின்னரே வந்தது. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் செல்லும் சாலை, இறுதியில் காட்டினூடே வளைந்து வளைந்து இறங்குகிறது. அருவி கண்ணில் படுமுன் காதில் விழுகிறது. இன்னும் சற்று அணுகினால், பள்ளத்தாக்கின் நடுவே வெண்புகை எழுவது தெரிகிறது. கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை, கல் என்றால் கல்தான். புகையும் கல் என்பதே ஊரின் பெயர். உகுநீர்க்கல் என்று தமிழில் வழங்குவாரும் உளர். இரண்டும் பொருந்தும் பெயர்களே. எனினும் முதன்முதல் அந்தப் புகையைக் காண்பவர்க்குக் கன்னடப் பெயரே சரி என்று தோன்றும்.

குற்றாலத்தைப்போல் ஒரே மலைமுகட்டிலிருந்து ஒரே தாரையாய் விழும் அருவியன்று இது. அகன்று வரும் ஆறு பாறைக்கூட்டத்தில் அகப்பட்டுப் பல கிளைகளாய்ப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் தனக்கென ஒரு வழியைக் கண்டு, ஒரு குறுகிய பிளவுக்குள் பாய்கிறது. உயரம் பெரிதன்று, மிகுதியாக 20 மீட்டர் அளவே இருக்கும். பல திசைகளிலிருந்தும் ஒரே பள்ளத்துக்குள் நீர் வந்து விழுவதால் எழும் முழக்கமே இதன் சிறப்பு. ஐந்தருவி என்று ஒன்றுக்குப் பெயர். மற்றொன்றுக்குச் சினி ஃபால்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்! திரைப்படத்தார் வந்து போனதன் அடையாளம். (அருவி என்ற அழகிய பழஞ்சொல் இருக்க, நீர்வீழ்ச்சி என்று ஆங்கிலத்தைப் பார்த்துச் சொல் ஆக்கிக்கொண்டவர்கள் நாம். சினி ஃபால்ஸைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.)

பரிசலில் ஏறி அந்தப் பிளவுக்குள் சென்றதைச் சொல்லாமல் இருக்க இயலாது. மூங்கிலைப் பின்னி வட்டக் கூடையாக்கி, அடியில் முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் தாரும் பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்திய எளிய கலம் அது. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். மேலே ஒரு துண்டு வானம். பரிசலோட்டி ஒற்றைத் துடுப்பால் கலத்தை ஒருமுறை சுழற்றிக் காட்டினார். நமக்குத் தலை சுற்றியது, அவருக்குச் சிரிப்பு. "தஞ்சாவூருங்களா? ஒங்க தண்ணிதானுங்க இது, பயப்படாதீங்க" என்றார். பகடியாகத்தான் சொன்னார். ஆயினும் அச்சொல் நம்மை விட்டு அகலவில்லை.

அந்தப் பாறைகளைப் பற்றிச் சற்றே கூறவேண்டும். அருவியைச் சூழ்ந்துள்ளவை பெரும்பாலும் மிகப் பழைய கருங்கல் இனத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஒகேனக்கல் பகுதியில் அவற்றினூடே கார்பனடைட் என்னும் அரிய பாறையும் ஊடுருவி நிற்கிறது. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் எனப் புவியியலார் கணித்துள்ளனர். இதில் வியப்பு என்னவெனில், இதன் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட்டாகும். அதாவது, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு எதிலிருந்து சுட்டு எடுக்கப்படுகிறதோ அதே பொருள். ஆனால் இது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அன்று. பூமியின் ஆழத்தில் நெருப்புக் குழம்பாய் இருந்து இறுகியது. இன்று உலகில் கார்பனேட் குழம்பைக் கக்கும் எரிமலை ஒன்றே ஒன்றுதான் உயிர்ப்புடன் உள்ளது. அது ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில் இருக்கும் ஓல்டோய்ன்யோ லெங்காய்.

கடலில் பிறந்த சுண்ணாம்புக்கல்லைக் காண நாம் அவ்வளவு தூரம் செல்லவேண்டியதில்லை. கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே அரியலூர்ப் பக்கம் சென்றால் போதும். 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அலையடித்த கடலின் சிப்பிகளும் சுருள் சங்குகளும் அங்கே கல்லாய்க் கிடக்கின்றன. பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் 1862இல் அப்பகுதியின் நில அமைப்பை விளக்கி எழுதினார். டால்மியாபுரத்தில் 1939இல் சிமெண்டு ஆலை வந்தது அந்தக் கல்லை நம்பித்தான். ஆனால் அங்கே அருவி இல்லை. வெட்டியெடுத்த குழிகளில் மழைநீர் தேங்கி நிற்பதைத்தான் காணலாம். குரோவேஷியா நாட்டின் பிளிட்விட்சே ஏரிகளில் சுண்ணாம்பு கரைந்த நீர் தானே படிந்து படிந்து அணைகட்டி, அவ்வணைகளின்மீதே அருவிகளாய் வழிகிறது என்பர். அந்தப் பேறு அரியலூருக்குக் கிட்டவில்லை.

கிட்டவில்லை என்று சொன்னோம். கவிதையில் கிட்டியது. அரியலூரை அடுத்து, கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ளது ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றி, திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகம் பாடிய ஊர். அவர் தம் தேம்பாவணியைத் தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுப் படலத்தோடுதான் தொடங்குகிறார். யூதேயா உண்மையில் சுண்ணாம்புப் பாறை மலைகள் நிறைந்த வறண்ட நாடு. அந்த நாட்டுக்கு மழையையும் வெள்ளத்தையும் வயலையும் வாரி வழங்கியவர் நம் முனிவர். பாலத்தீனத்தைத் தம் கண்ணால் காணாத அவர், தம் கண்முன் விரிந்த காவிரி நாட்டையே அங்குக் கொண்டுபோய் வைத்தார் என்பது நம் எண்ணம். புலவர்கள் வேறு கருதலாம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். காவிரியின் அருவிகளை அழகுக்காகப் பார்த்தவர்களைவிட, ஆற்றலுக்காகப் பார்த்தவர்களே வரலாற்றில் மிகுதி. மைசூர் அரசு 1902இல் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பியது. சென்னை மாகாணமும் மைசூரும் ஆற்று நீரைக் குறித்துப் பல்லாண்டு வழக்காடி, 1924 பிப்ரவரியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மறு ஆண்டு மேட்டூரில் அணை வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்டு 21இல் ஆளுநர் ஸ்டான்லி அதனைத் திறந்து வைத்தார். 120 அடி முழுக் கொள்ளளவில் 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கும் அந்தப் பெரிய ஏரியின் மேல்விளிம்பு, ஒகேனக்கலின் அடிவாரத்தை நோக்கி நீள்கிறது. அருவியில் விழும் நீர் நேரே அணையின் மடியில்தான் சென்று விழுகிறது.

அவ்வணையால் நாம் பெற்றதைப் பட்டியலிடத் தேவையில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். அதே திட்டத்தில் வெட்டப்பட்டதுதான் கல்லணைக் கால்வாய். நம் மக்கள் இன்றும் புது ஆறு என்பர். அதுவரை வானத்தையே பார்த்துக் கிடந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் மேட்டு நிலங்கள் நெல்வயல்களானது அதனால்தான். நமது உறவினர் பலரின் வீட்டில் உலை கொதிப்பது புது ஆற்றின் நீரால்.

பெற்றதைப் பேசும் நாம், அதற்காக இழந்தவர்களைப் பேசுவதில்லை. அணை கட்டியபோது நாயம்பாடி, சாம்பள்ளி முதலிய ஊர்கள் நீருக்குள் போயின. அங்கிருந்தோர் வீட்டையும் வயலையும் கல்லறைகளையும் விட்டு வெளியேறினர். சிலர் ஏரிக்கரை ஊர்களுக்குச் சென்றனர். வேறு சிலர் மலைகடந்து, இன்று கர்நாடகத்தில் உள்ள மார்ட்டள்ளிப் பக்கம் குடியேறினர். தஞ்சைக்கு நீர் தேக்குவதற்காக ஊரிழந்த தமிழ்க் குடும்பங்கள், காவிரிப் பூசலில் எதிர்க்கரை எனப்படும் மண்ணில் வாழ நேர்ந்ததை என்னென்பது!

அவ்வூராரின் நினைவாக இரண்டு எஞ்சி நிற்கின்றன. ஒன்று ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி. மற்றொன்று கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம். அணை நிறைந்திருக்கும்போது இரண்டும் நீருக்குள். நீர்மட்டம் மிகத் தாழும்போது, பண்ணவாடிப் பரிசல் துறைக்கு எதிரே முதலில் கோபுரத்தின் உச்சியும், பின்னர் நந்தியும் மெல்ல வெளிப்படுகின்றன. அப்போதெல்லாம் மக்கள் பரிசலேறிச் சென்று பார்த்துவருவர். 90 ஆண்டுகளாக நீருக்குள் மூழ்கியும் எழுந்தும் சுதை உதிர்ந்து செங்கல் தெரிந்தாலும், கோபுரம் இன்னும் நிற்கிறது. அதன் சாந்திலும் இருப்பது சுண்ணாம்புதான். அந்த ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றவர்களும் திருமணம் செய்துகொண்டவர்களும் யார் யாரோ. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அது இப்போது ஒரு வேடிக்கைக் காட்சியாகியிருக்கலாம்.

அருவிக்கு அருகிலேயே இருந்தவர்களின் நிலையும் வேறு வகையில் இரங்கத்தக்கதாகவே இருந்தது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதைக் குடித்துப் பற்கள் பழுப்பேறி, எலும்பு வளைந்தோர் பலர். பேரருவி முழங்கும் மாவட்டத்தில் நல்ல குடிநீர் இல்லை! சப்பானிய நிதியுதவியுடன் நடைபெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்த பின்னரே அந்த நீர் அவர்கள் குடத்தை எட்டியது.

இப்போது நாம் சொல்லவந்ததற்கு வருகிறோம். ஒகேனக்கலின் அழகும் நாயம்பாடியின் கோபுரமும் ஒரு தராசின் இரு தட்டுகள். அருவி பெருகினால் கோபுரம் மறையும். நம் வயலில் நாற்று நடப்படும். அருவி மெலிந்தால் கோபுரம் எழும். நம் வயல் வெடிக்கும். 2023இல் அணை வழக்கமான ஜூன் 12ஆம் நாளே திறக்கப்பட்டது. பருவமழை பொய்த்தது. குறுவை பல இடங்களில் கருகியது. அக்டோபரில் அணையை மூடிவிட்டனர். மறு ஆண்டு ஜூன் 12 வந்தது, போனது, அணை திறக்கவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடியளவே. பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டியது. ஒகேனக்கலில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் பாய்ந்து, அருவிகளே தெரியாதபடி பாறைகள் யாவும் மூழ்கின. ஜூலை 30இல் அணை 120 அடியைத் தொட்டது.

இத்தகைய நாட்களில் அருவியைக் காண எவரையும் விடுவதில்லை. குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. எண்ணெய் தேய்த்துவிடுவோரும் மீன் வறுத்து விற்கும் பெண்களும் வெறுங்கையராய் அமர்ந்திருப்பர். வறண்ட காலத்திலோ அருவியில் நீரில்லை. பார்க்க வருவோரும் குறைவு. நாம் மகிழும் நாளிலும் அவர்களுக்குப் பிழைப்பில்லை. நாம் அழும் நாளிலும் பிழைப்பில்லை. நம்மைப் பயமுறுத்திச் சிரித்த அந்தப் பரிசலோட்டியை அந்த ஜூலையில் பலமுறை நினைத்துக்கொண்டோம்.

நாமோ அருவியை எண்களாகவே பார்க்கப் பழகிவிட்டோம். அருவிக்குச் சற்று மேலே உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் ஆற்றின் வரத்தை அளக்கிறது. ஆண்டுக்கு 192 டி.எம்.சி. அங்கே வந்துசேரவேண்டும் என்றது நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2018இல் உச்ச நீதிமன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்தது. நம் ஊர்த் தேநீர்க் கடையில் நாளிதழை விரிப்பவர் முதலில் தேடுவது அந்த வரத்தைத்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு புகையும், ஒரு முழக்கமும், பரிசல் தள்ளும் ஒரு மனிதரும் இருப்பதை எண்ண அவருக்கு நேரமில்லை. நமக்கும் இருந்ததில்லை.

2024 ஜூலை 28இல் மேட்டூர் திறக்கப்பட்டது. நீர் கல்லணையை அடைய மூன்று நாட்களாகும். ஆடிப்பெருக்குக்கு முன் தண்ணீர் வந்துவிடுமா என்று ஊரில் எல்லோருக்கும் கவலை. வந்துவிட்டது. நம் வாய்க்காலில் முதல் நீர் குப்பையையும் சருகையும் தள்ளிக்கொண்டு, நாயின் நடையளவு வேகத்தில் ஊர்ந்து வந்தது. கரையில் நின்ற பெரியவர் ஒருவர் மடியிலிருந்து ஒரு பிடி விதைநெல்லை எடுத்து அதன்மீது தூவிக் கைகூப்பினார். சிறுவர்கள் மதகடிக்கு ஓடினார்கள். பலகை தூக்கப்பட்டதும் நீர் மூன்றடி கீழே விழுந்து நுரைத்தது. அன்று பண்ணவாடியில் கோபுரம் நீருக்குள் இருந்தது.