1200 மீட்டர் குதிரை 2000 மீட்டரில் என்ன ஆகும்? பந்தயத் தூரங்களை வகைபிரிக்கும் முறை

டோபி காட்டிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால், லிட்டில் இந்தியாவுக்கு அடுத்து வருவது ஃபேரர் பார்க். 1843 பிப்ரவரியில் சிங்கப்பூரின் முதல் குதிரைப் பந்தயம் அந்த வட்டாரத்தில்தான் நடந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதன் எச்சம். பிறகு 1933ல் புக்கிட் தீமாவுக்கும் 1999ல் கிராஞ்சிக்கும் இடம் மாறிய பந்தயம், 2024 அக்டோபர் 5ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் பணம் கட்டும் வசதியைச் சிங்கப்பூர் பூல்ஸ் தொடர்ந்து வழங்குகிறது. பழகிய குதிரைகளும் பழகிய திடலும் இல்லாத நிலையில், அட்டவணையைப் படிப்பவர்களுக்குத் தூரம் பற்றிய தெளிவு முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறது.

ஹேண்டிகேப் என்பது திறமையான குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றி, எல்லாக் குதிரைகளுக்கும் வாய்ப்பைச் சமமாக்கும் முறை. இதற்காக ஒவ்வொரு குதிரைக்கும் மதிப்பெண் உண்டு. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் ஒரு மதிப்பெண் ஒரு பவுண்டு எடைக்குச் சமம். ஆனால் 1200 மீட்டரில் வாங்கிய மதிப்பெண் 2000 மீட்டரில் அப்படியே செல்லுபடியாகாது.

அதனால் அனைத்துலக மதிப்பீட்டாளர்கள் தூரங்களை ஐந்தாகப் பிரிக்கிறார்கள். 1000 முதல் 1300 மீட்டர் வரை ‘ஸ்பிரிண்ட்’. 1899 வரை ‘மைல்’. 1900 முதல் 2100 வரை ‘இன்டர்மீடியட்’. 2700 வரை ‘லாங்’. அதற்கு மேல் ‘எக்ஸ்டெண்டட்’. முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஸ்மைல்’.

கிராஞ்சியில் நடந்த லயன் சிட்டி கிண்ணம் (1200), கிராஞ்சி மைல் (1600), கடைசி நாளில் ஓடிய தங்கக் கிண்ணம் (2000) ஆகியவை முதல் மூன்று பிரிவுகளுக்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. எல்லைக்கோட்டில்தான் சிக்கல். 1400 மீட்டரைக் குறுந்தூரம் என்றே பலர் சொல்வார்கள். இந்தக் கணக்கில் அது ‘மைல்’. அமெரிக்காவிலும் கனடாவிலுமோ 1599 வரை ‘ஸ்பிரிண்ட்’தான்.

வகைபிரிப்பு வெறும் பெயர் விவகாரமல்ல. ஒரு குதிரை நீளத்தில் தோற்றால் அதற்கு எத்தனை பவுண்டு என்பதே தூரத்தைப் பொறுத்து மாறும். பிரிட்டிஷ் கணக்கில் 1000 மீட்டரில் ஒரு நீளம் ஏறக்குறைய 3 பவுண்டு. 3000 மீட்டரில் 1 பவுண்டு. ஒரு நிமிடத்தில் விழுந்த இடைவெளியும் மூன்று நிமிட ஓட்டத்தில் விழுந்த அதே இடைவெளியும் ஒன்றாக முடியாதல்லவா?

சிங்கப்பூரின் செல்லக் குதிரை ராக்கெட் மேன், 2011ல் துபாயில் வென்றதும் 1200 மீட்டரில்தான். பிரிட்டனின் ஃபிராங்கல் போல 2012ல் மைல், இன்டர்மீடியட் இரண்டிலும் 140 மதிப்பெண் எடுப்பவை அபூர்வம்.

ஒரு பிரிவில் ஒருமுறைகூட ஓடாத குதிரை வந்தால், அதன் தாய் தந்தை எந்தத் தூரத்தில் வென்றன என்று பார்ப்பது வழக்கம். அதுவும் ஊகமே.